அழுத்திப் பாத்தீங்களா சார்?

என்னைப் பொய்யன் என்று நினைத்துக்கொண்டே என்னோடு மூன்று வாரம் வேலை பார்த்த ஒரே ஆள் அந்தம்மாதான். வாயால் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. "சார்" இல்லாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் நான் எதைச் சொன்னாலும் "அப்படியா சார்" என்று கேட்டுவிட்டு, எழுந்து போய்த் தன் கண்ணால் ஒருதரம் பார்த்துவிட்டு வந்துதான் அடுத்த வேலை. கரண்ட் வந்துவிட்டது என்றால் ஃபேனைப் பார்ப்பார். மணி பன்னிரண்டு என்றால் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், அதுவும் போதாமல் தன் கைபேசியைப் பார்ப்பார். டீ கொண்டுவருபவர் "சர்க்கரை கம்மிதாங்க்கா" என்றால், ஒரு வாய் குடித்த பிறகுதான் தலையாட்டுவார்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அரியலூரில் ஒரு டாக்டர் தன் ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் கட்டினார். நான் அங்கே மேனேஜர். மேனேஜர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தண்ணீர் டேங்க் நிறைந்து வழிந்தால் ஓட வேண்டிய ஆள் நான்தான். அதற்கு முன்பு பதினாறு வருஷம் ஒரு சிமெண்ட் காண்ட்ராக்டரின் ஆபீஸில் இருந்தேன். அவர் கடையைக் கட்டிக்கொண்டு போனதும் இரண்டு வருஷம் வீட்டில் சும்மா கிடந்தேன். நாற்பத்தாறு வயதில், மனைவி ஜாக்கெட் தைத்துச் சம்பாதிப்பதில் உட்கார்ந்து சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் டாக்டர் இந்த வார்த்தையைச் சொன்ன அன்றே ஆள் தேட ஆரம்பித்துவிட்டேன்.

"தெறப்பு விழா அன்னைக்குக் காலையில எல்லா போனும் அடிக்கணும். அடிக்கலன்னா நீங்க வேற எடம் பாத்துக்கலாம்."

சாதாரண போன் இல்லை. இன்டர்நெட் வழியாகப் பேசுகிற போன். ஒவ்வொரு மேஜைக்கும் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் மூன்று இலக்கத்தில் ஒரு நம்பர். வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் ஒரு குரல் வரவேற்று, எந்த மேஜைக்கு வேண்டும் என்று கேட்கும். பின் கேட்டில் பட்டன் வைத்த ஒரு பெட்டி. அதை அழுத்தினால் எமர்ஜென்சி நர்ஸ் மேஜையில் மணி அடிக்கும்; நர்ஸ் யாரென்று கேட்டுவிட்டுத் தன் போனிலேயே ஒரு நம்பரைத் தட்டினால் கேட் திறந்துகொள்ளும். டாக்டர் இதையெல்லாம் கோயமுத்தூரில் எங்கோ பார்த்துவிட்டு வந்து ஆசைப்பட்டார்.

இந்த வேலைக்கு ஆள் விசாரித்தபோது எல்லோரும் ஒரே ஆளைத்தான் சொன்னார்கள். பெரம்பலூரில் ஒரு அம்மா இருக்கிறார், இரண்டு ஜில்லாவிலும் ஆபீஸ் போன் என்றால் அவர்தான். போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. ஒருவர் சொல்லி இன்னொருவர் கூப்பிடுவதுதான் பிழைப்பு. சொன்னவர்களில் ஒருவர் கூடவே இன்னொன்றையும் சொன்னார். "வேலை சுத்தமா இருக்கும்ணே. ஆனா உங்களுக்குப் பொறுமை வேணும்."

ஆலத்தியூர்ப் பக்கம் ஓர் ஆபீஸில் இந்த அம்மா இதே மாதிரி கேட் போன் போட்டிருக்கிறாராம். வேலை முடிந்தது, எல்லாம் அடிக்கிறது. ஆபீசர் கையெழுத்துப் போட வந்தால், "இருங்க சார், ராத்திரி வாட்ச்மேன் வரட்டும்" என்று உட்கார்ந்துவிட்டாராம். அந்த வாட்ச்மேனுக்குக் கொஞ்சம் காது மந்தம். அவர் காதில் மணி விழுந்து, அவரே எடுத்துப் பேசி, அவரே மூன்று தரம் கேட்டைத் திறந்த பிறகுதான் இந்த அம்மா கையெழுத்து வாங்கியிருக்கிறார். அதுவரை ஆபீசரும் வீட்டுக்குப் போகவில்லை. இதைக் கேட்டு நான் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

வந்தார். நாற்பது வயதிருக்கும். காட்டன் சேலை மேல் ஆண்கள் போடுகிற அரைக்கைச் சட்டை, முதுகில் ஒரு பை, ஸ்கூட்டரின் முன்னால் சுருட்டிக் கட்டிய கேபிள். இன்டர்நெட் கம்பெனிக்காரன் கொடுத்த பேப்பரை நான் பெருமையாக நீட்டினேன். ஒரு லைன் போனால் இன்னொரு லைன் தானாக வேலை செய்யும், பேச்சு அறுந்துபோகாது என்று அதில் அச்சடித்திருந்தது. வாங்கிப் படித்தார், மடித்தார், என்னிடமே கொடுத்தார்.

"அப்படியா சார்?"

நான்காம் நாள் டாக்டர் தன் அறையில் மருமகனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். மருமகன் வெளிநாட்டில். இந்த அம்மா நேராக ரௌட்டர் இருந்த அலமாரியிடம் போய், முதல் லைன் ஒயரைப் பிடுங்கிவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. "ஏம்மா! உள்ள டாக்டர் பேசிக்கிட்டிருக்காரு!"

"அதனாலதான் சார் புடுங்கினேன். நான் பேசறப்ப அறுந்தா நான் சும்மா இருந்துடுவேன். அவரு பேசறப்ப அறுந்தா சத்தம் போடுவாருல்ல?"

சத்தம் வரவில்லை. இரண்டாம் லைன் எடுத்துக்கொண்டது. டாக்டர் சிரித்துப் பேசிக்கொண்டே இருந்தார். இந்த அம்மா ஒயரை மறுபடி செருகிவிட்டு, இரண்டாவது ஒயரைப் பிடுங்கினார். நான் அந்த அறையை விட்டே வெளியே போய்விட்டேன். பச்சை விளக்குதான் எரிகிறதே, பிறகு என்ன இழவுக்கு இந்தச் சோதனை என்று கேட்டால், விளக்கு எரிகிறது என்பதற்கு விளக்கு எரிகிறது என்று மட்டும்தான் அர்த்தமாம். அப்படி ஒரு வியாக்கியானம்.

பிறகு ஒருநாள் ஆளைக் காணவில்லை. திறப்பு விழாவுக்குப் பத்து நாள்தான். போன் போட்டால் எடுக்கவில்லை. பதினோரு மணிக்கு வரவேற்பு மேஜையில் மணி அடித்தது. எடுத்தால் அந்தம்மா குரல். பின்னால் ஆட்டோ சத்தம், வடை போடுகிற எண்ணெய்ச் சத்தம்.

"சார், விக்கிரமங்கலம் பஸ் ஸ்டாப்புலேருந்து பேசறேன். கேக்குதா?"

"கேக்குதும்மா."

"எப்படிக் கேக்குது? கெணத்துக்குள்ளேருந்து கேக்கற மாதிரியா, பக்கத்துல கேக்கற மாதிரியா?"

"அங்க என்னம்மா பண்றீங்க?"

"நம்ம பேஷண்டுங்க இங்கேருந்துதான சார் கூப்புடுவாங்க? உங்க ரூமுக்குள்ள நின்னு கூப்புட்டா நல்லாத்தான் கேக்கும்."

அன்று பதினான்கு தரம் கூப்பிட்டார். ஸ்மார்ட் போனிலிருந்து, பட்டன் போனிலிருந்து, டீக்கடைக்காரர் போனை வாங்கி, மரத்தடியிலிருந்து, மழைக்கு ஒதுங்கிய இடத்திலிருந்து. பதினான்கு தரமும் நான்தான் எடுத்து "கேக்குது, கேக்குது" என்று கத்தினேன். வெளியில் பெயிண்ட் அடித்தவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எட்டிப் பார்த்தார்கள்.

சாயங்காலம் பஸ்ஸில் திரும்பி வந்து, வந்த வேகத்தில் அந்த வரவேற்புக் குரலைத் தள்ளிவைத்துவிட்டார். டாக்டர் ஆசை ஆசையாகப் பதிவு செய்ய வைத்த குரல் அது. விக்கிரமங்கலத்தில் நடவு ஆட்களிடம் விசாரித்தாராம். அவர்கள் யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுப் பேசுவதில்லை. மிஸ்டு கால் கொடுப்பார்கள், இங்கிருந்து திருப்பிக் கூப்பிடுவார்கள். அன்லிமிடெட் வராத காலம் அது, எல்லோரும் அப்படித்தான். நம் வரவேற்புக் குரல் என்ன செய்கிறது என்றால், பாதி மணி அடிப்பதற்குள் எடுத்து "வணக்கம்" சொல்லிவிடுகிறது. அவர்களுக்குக் காசு போகிறது, நமக்கு மிஸ்டு கால் விழுவதில்லை. "நாலு தரம் அடிச்சப்பறம் வணக்கம் சொல்லட்டும் சார். அவசரம் ஒண்ணும் இல்லயே அதுக்கு."

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நம்பர் கொடுக்கிற நாளில் டாக்டரோடேயே மோதினார். டாக்டருக்கு அவர் அறைக்கு நூற்றெட்டு வேண்டும். சாமி நம்பர். இந்த அம்மா கைகட்டி நின்றுகொண்டு, "அது ஆம்புலன்சு நம்பருங்க சார்" என்றார். யாராவது அவசரத்தில் உள்ளே இருக்கிற போனை எடுத்து நூற்றெட்டு போட்டால் ஆம்புலன்ஸ் வராது, உங்கள் மேஜையில் மணி அடிக்கும் என்றார். டாக்டர் முகம் சிவந்துவிட்டது. "ஆஸ்பத்திரிக்குள்ள இருந்துக்கிட்டு யாரும்மா ஆம்புலன்சைக் கூப்புடுவா?" என்றார்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னா கூப்புடுவீங்கள்ல சார்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். எங்கிருந்து பிடித்தீர்கள் இந்த அம்மாவை என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். நான் சுவரைப் பார்த்தேன். கடைசியில் அவருக்கு நூற்றொன்பது. அந்தக் கடுப்பு டாக்டருக்குக் கடைசிவரை போகவில்லை. எனக்கும்தான். யார் வேலை போகும்? என் வேலை.

திறப்பு விழா வியாழக்கிழமை. புதன்கிழமை அந்தம்மா வரமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார். மகளுக்குக் காது குத்து. அரும்பாவூர் தாண்டி மலை அடிவாரத்தில் அவர்கள் குலதெய்வக் கோயில். எல்லாம் முடிந்து, எல்லாம் அழுத்திப் பார்த்து, சாவியை ஒப்படைக்கிற மாதிரி ஒப்படைத்துவிட்டுத்தான் போனார். நானும் அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

புதன் மத்தியானம் டாக்டரின் மாமியார் ஒரு எண் சோதிடரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் நம்பர் பட்டியலைக் கையில் வாங்கி, விரலால் தடவிக்கொண்டே வந்து எமர்ஜென்சி மேஜையில் நிறுத்தினார். இருநூற்றாறு. கூட்டினால் எட்டு. சனியாம். உயிர் காக்கிற இடத்தில் எட்டு வரக்கூடாது, இருநூற்றேழு ஆக்குங்கள், ஒன்பது வரும் என்றார். நாளை காலை ஆறு மணிக்கு விழா. டாக்டர் என்னைப் பார்த்து "மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆணி அடிக்கச் சொல்வது போலச் சொன்னார்.

நான் அந்தம்மாவுக்குப் போன் போட்டேன். மேளச் சத்தம், ஆட்டுச் சத்தம். சிக்னல் இல்லாத இடம். பாறை மேல் ஏறி நின்றுதான் பேசுகிறாராம்.

"நாளைக்கு விடியக்காலம் நானே வந்து மாத்திடறேன் சார்."

"விடிஞ்சா விழாம்மா. நீங்க சொல்லுங்க, நான் மாத்திடறேன்."

வேறு வழியில்லாமல் சொன்னார். கணினியில் எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும், எந்த இடத்தில் ஆறை அழித்து ஏழு போட வேண்டும் என்று ஒவ்வொன்றாக. எமர்ஜென்சி போன் மாறிவிட்டது. பக்கத்து மேஜையிலிருந்து போட்டுப் பார்த்தேன், அடித்தது. அதை நிஜமாகவே பார்த்தேன்.

"பின் கேட்டுப் பெட்டியிலயும் இருநூத்தி ஆறுன்னுதான் சார் இருக்கும். அதுக்குத் தனிப் பக்கம். அதையும் மாத்தணும். மாத்திட்டுக் கீழ இன்னொரு பட்டன் இருக்கும், அதை அமுக்குனாத்தான் ஏறும்."

ஏழு போட்டேன். திரையில் ஏழு என்று காட்டியது. கீழே இருந்த பட்டனை அழுத்தினேனா? இன்றுவரை எனக்கு ஞாபகம் இல்லை. அந்த நேரம் பந்தல்காரன் வந்து தலைக்கு மேல் நின்று கத்திக்கொண்டிருந்தான்.

"போயி பெல்லை அழுத்திப் பாத்தீங்களா சார்?"

பின் கேட்டுக்குக் கட்டடத்தையே சுற்றிப் போக வேண்டும். வெளியே மழை, கட்டட வேலை மிச்சம் வைத்த சேறு கணுக்கால் வரை. ஐந்து நிமிஷ வேலை, அவ்வளவுதான்.

"பாத்துட்டேம்மா."

"அடிச்சுதா?"

"அடிச்சுது."

"நர்சம்மா எடுத்தாங்களா? கேட்டு தெறந்துச்சா?"

மூன்று வாரத்து எரிச்சலும் எனக்கு அந்த ஒரு நிமிஷத்தில் உச்சந்தலைக்கு ஏறியது. "ஏம்மா, எடுத்துச்சும்மா, தெறந்துச்சும்மா! மனுஷன் பேச்சை ஒரு தரம் நம்புனா என்ன, கொறைஞ்சா போயிடுவீங்க?"

அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு குழந்தை "அம்மா, அம்மா" என்று அழுதது. யாரோ "மாமன் மடியில புள்ளைய உக்கார வெச்சாச்சு, வாடி" என்று கூப்பிட்டார்கள்.

"சரிங்க சார்" என்றார். "நம்புறேன்."

விழா ஜாம்ஜாமென்று நடந்தது. எல்லா போனும் அடித்தன. டாக்டர் எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டினார். மனைவி அன்று ராத்திரி பாயசம் வைத்தாள். அதற்கு முன்பு சாயங்காலமே அந்தம்மா கூப்பிட்டார். "பின் கேட்டு அடிக்குதுல்ல சார்?" அப்போதாவது போய் அழுத்தியிருக்கலாம். மழைகூட விட்டிருந்தது. "அடிக்குதும்மா, அடிக்குது" என்று சொல்லி வைத்துவிட்டேன். பின் கேட்டில் வாட்ச்மேன் நின்றதால் அந்தப் பட்டனை யாரும் தொடவில்லை. பெட்டி இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமையும் எதற்கு வாட்ச்மேன் என்று ஞாயிறு ஆளை நிறுத்தியது நான்தான். டாக்டரிடம் அதற்கும் பாராட்டு வாங்கினேன்.

ஞாயிறு மத்தியானம் முன்பக்க ஷட்டரை இறக்கிவிடுவார்கள். விக்கிரமங்கலத்திலிருந்து ஒருவன் தன் அம்மாவை ஆட்டோவில் கொண்டுவந்தான். பருத்தி எடுக்கப் போன இடத்தில் விரியன் கடித்திருந்தது, வலது கையில். அவன் பின் கேட்டுக்கு வந்து பட்டனை அழுத்தினான். பெட்டி 'பீப்' என்றது. உள்ளே நர்ஸ் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த போன் அடிக்கவில்லை.

"சத்தம் கேட்டுச்சுங்க, அதான் வராங்கன்னு நின்னோம்" என்று திங்கட்கிழமை வரவேற்பில் நின்று கத்தினான். "அழுத்துறேன், சத்தம் கேக்குது, அழுத்துறேன், சத்தம் கேக்குது. கால் மணி நேரம் நின்னோங்க." அப்புறம் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். உயிர் தப்பியது. இரண்டு விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று அங்கே சொல்லிவிட்டார்களாம். அந்தக் கால் மணி நேரத்தால்தானா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பருத்தி எடுக்கிற கை.

டாக்டர் பெரம்பலூர் அம்மாவை வரச் சொன்னார். வந்தவர் யாரிடமும் பேசாமல் நேராகப் பின் கேட்டுக்குப் போய்ப் பட்டனை அழுத்தினார். பீப். பிறகு கணினியில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். நான் பின்னால் நின்றேன். திரையில் இருநூற்றாறு. நான் போட்ட ஏழு ஏறவே இல்லை. அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். தன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்.

டாக்டர் அறையில் ஒரே சத்தம். "யாரும்மா இந்தக் கேட்டை டெஸ்ட் பண்ணது?"

"நம்பர் மாத்தினப்பறம் நான் பண்ணல சார்."

"பண்ணாம எப்படி ஒப்படைச்சீங்க?"

"தப்புதான் சார். நேர்ல வந்து அழுத்திப் பாத்திருக்கணும். பாக்கல."

அதோடு நிறுத்தினார். என் பேரைச் சொல்லவில்லை. நிறுத்திவிட்டு ஒரு மூச்சு விடுகிற நேரம் சும்மா நின்றார். அந்த இடம் எனக்காக விட்ட இடம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று பேர் நின்ற அறையில் வேறு யாருக்காக? எனக்கு மனைவியின் தையல் மிஷின் சத்தம் காதில் கேட்டது. கையில் இருந்த ஃபைலைப் புரட்டினேன். டாக்டர், பொம்பளையிடம் இந்த வேலையைக் கொடுத்ததே தப்பு என்று ஆரம்பித்து, அரியலூரில் தனக்குத் தெரிந்த ஒவ்வொரு டாக்டரிடமும் சொல்லப்போவதாகச் சொல்லி முடித்தார். சொல்லவும் செய்தார்.

நான் படிக்கட்டில் ஓடிப்போய்ப் பிடித்தேன். "ஏம்மா, என்னைச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க பொய் சொன்னீங்க, அது உங்க சங்கதி சார். நம்புனது யாரு? நான்தான?" பையைத் தோளில் மாட்டினார். "பாம்பு கடிச்ச அம்மா எந்த வார்டுல இருக்காங்கன்னு அவங்க பையன் சொன்னாரா?"

நான் கேட்டு வைத்திருக்கவில்லை. அவரே போய் விசாரித்துக்கொண்டார்.

அப்பாவியா அவர், அழுத்தக்காரியா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என் மேல் பழியைப் போட்டிருந்தால் நான் மறுத்திருப்பேன், சண்டை போட்டிருப்பேன், அதோடு தீர்ந்திருக்கும். இப்படி ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய், என்னைத் தூங்கவிடாமல் பண்ணுகிற ஆளை என்னவென்று சொல்வது? நினைக்கிறபோதெல்லாம் அவர் மேல்தான் முதலில் கோபம் வருகிறது. நினைத்து முடிக்கிறபோது யார் மேல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு அரியலூரில் அவருக்கு வேலை வரவில்லை. நான் மேனேஜராகவே இருக்கிறேன். சம்பளமும் இரண்டு தரம் கூடியது. ஆறேழு மாதம் கழித்து ஒருநாள், டாக்டர் என் எதிரில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது மேஜையில் போன் அடித்தது. பெரம்பலூரிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துத் தாளாளர். பெரிய பள்ளி, ஐம்பது அறுபது போன் போடப்போகிறார்களாம். அந்த அம்மா பேரைச் சொல்லி, "உங்க ஆஸ்பத்திரியில வேலை பாத்தாங்களாமே, எப்படிங்க, நம்பிக் குடுக்கலாங்களா?" என்று கேட்டார்.

டாக்டர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார்.

"எனக்குச் சரியாத் தெரியாதுங்க" என்று சொல்லி வைத்தேன்.

"யாரு?" என்றார் டாக்டர்.

"ராங் நம்பர் சார்."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார். எதையும் இரண்டாம் தரம் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.